300 ரூபாய் டிக்கெட்டும் இரண்டு பேட்டரியும்

விழாவின் பெயரையும் அதை நடத்துகிற வானொலியின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரிந்துவிடும். மற்றவர்கள், காவிரிப் படுகையில் உள்ள ஒரு சின்ன சமுதாய வானொலி ஆண்டுதோறும் நடத்தும் இசை விருது விழா என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டு எழுதினால், அடுத்த ஆண்டு வாசலில் நிற்கும் பையன் என்னைக் கண்டதும் சந்தனக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிடுவான்.

நான் வலங்கைமானில் 31 ஆண்டுகள் மைக் செட் வைத்திருந்தவன். தென்னை மரத்தில் ஏறிக் கூம்பு ஒலிபெருக்கி கட்டிய காலத்தில் தொடங்கி, ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கும் காலம் வரை பார்த்தாயிற்று. முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு ஆம்பிளிஃபயர்களை விற்றுவிட்டேன். காதை மட்டும் விற்க முடியவில்லை. ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் மேடை அலங்காரத்தைப் பார்ப்பார்கள். என் கண் பெட்டிகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று தேடும். ஆகவே இந்த விமர்சனத்தில் ஒலி பற்றிய புலம்பல் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

விழா எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் என் மனக்குறை விளங்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை 7 மணிக்கு அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று தொடங்கினார்கள். நம் வட்டாரத்து நாயனக்காரர், தவில்காரர், ஓதுவார், கிராமத்துப் பாட்டுக்காரர் என்று யாரையாவது ஒலிப்பதிவு அறைக்கு அழைத்து வருவார்கள். பேட்டி இரண்டு நிமிடம், வாசிப்பு இருபது நிமிடம், மிச்ச நேரத்தில் நேயர் கடிதம். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆண்டு முடிவில், "இந்த ஆண்டு உங்கள் காதில் தங்கிய வாத்தியம் யாருடையது?" என்று கேட்டார்கள். 50 காசு அஞ்சலட்டையில் பெயரை எழுதிப் போட வேண்டும். வந்த அட்டைகளை வானொலியிலேயே ஒவ்வொன்றாகப் பிரித்து, ஊர்ப் பெயரோடு படித்து எண்ணினார்கள். எண்ணுவதே மூன்று வாரம் ஓடியது. அந்த மூன்று வாரமும் எங்கள் தெருவில் தேர்தல் முடிவு கேட்பதுபோல வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முதல் விருது என்ன தெரியுமா? ஒரு வேட்டி, ஒரு அங்கவஸ்திரம், 501 ரூபாய். நிகழ்ச்சி நடத்துபவரே சைக்கிளில் கலைஞர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் வைத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒலிப்பதிவும் செய்து வந்தார். அந்தப் பதிவில் பின்னணியில் ஒரு மாடு கத்தும். எனக்கு அது இன்னும் நினைவிருக்கிறது.

வானொலி சொன்னால் நம்பிக் காரியத்தில் இறங்குகிற மண் இது. 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் எடுத்துச் சொன்னது. தஞ்சாவூர் மாவட்டத்து விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் அப்பாவும் மூன்று மா நிலத்தில் அதை நட்டவர்தான். டீக்கடையில் காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' ஓடினால், டீ ஆறுவது தெரியாமல் நிற்பார். அப்படிப்பட்ட ஊரில் வானொலி ஒருவரைப் "பெரிய வித்துவான்" என்று சொல்லிவிட்டால், அடுத்த தை மாதத்து முகூர்த்தங்களுக்கு அவருக்குத்தான் முன்பணம் போகும். விருதுக்கு மதிப்பு வந்த வழி அதுதான்.

வானொலி நிகழ்ச்சி வளர்ந்து விருது விழாவாவது உலகத்தில் புதிதும் இல்லை. ஸ்பெயினில், 1966-இல் மாட்ரிட் வானொலியில் 40 பாடல்களை வரிசைப்படுத்திய ஒரு நிகழ்ச்சி, பிறகு தனி வானொலியாகவே வளர்ந்து, 2006-இல் விருது விழாவும் நடத்த ஆரம்பித்தது. என் தங்கை மகன் கைப்பேசியில் அதைக் காட்டி, "பார்த்தீர்களா மாமா, நம் ஊர் விழாவும் ஒருநாள் இப்படி ஆகும்" என்றான். அதில் மேடையில் தீப்பிழம்பு எழும்பியது. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

பயந்தது வீண்போகவில்லை. இந்த ஆண்டு எங்கள் விழாவிலும் புகை விட்டார்கள்.

ஆடி மூன்றாம் ஞாயிறு, கும்பகோணத்தில் குளிர்சாதன வசதி உள்ள ஒரு கல்யாண மண்டபம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மண்டபம் மலிவாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு வாசிக்கும் கலைஞர்களுக்கும் கை ஓய்வாக இருக்கும். கணக்கு சரிதான். ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோவில் திருவிழா என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். நல்ல மைக் செட்டும், அதை இயக்கத் தெரிந்த ஆளும் அந்த மாதம் கூழ் ஊற்றும் இடத்தில்தான் இருப்பார்கள். மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது மிச்சம் மீதி. நானே அந்தத் தொழிலில் அந்தத் தப்பைச் செய்தவன் என்பதால், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

டிக்கெட் இரண்டு வகை, 500 ரூபாயும் 300 ரூபாயும். தங்கை மகன் இணையத்தில் 300 ரூபாயில் இரண்டு எடுத்தான். என் மனைவியையும் அழைத்தேன். "அந்தக் கூட்டத்தில் வந்து கழுத்து வலிக்க உட்காருவதற்கு, நான் வீட்டில் ரேடியோவில் கேட்டுக்கொள்கிறேன். போகும் முன் இரண்டு பேட்டரி வாங்கி வைத்துவிட்டுப் போங்கள்" என்றாள். வாங்கி வைத்தேன். அவள் பேச்சை அப்போது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாலை 5 மணி என்று அச்சிட்டிருந்தார்கள், 6.10-க்குத் தொடங்கியது. எங்கள் இருக்கை பின்னாலிருந்து நாலாவது வரிசை. முன்னால் மூன்று வரிசைக்கு வெள்ளை உறை போட்ட சோபாக்கள், ஆதரவு நிறுவனங்களின் விருந்தினர்களுக்காக. 8 மணி வரை அதில் பாதி காலி. 500 ரூபாய் கொடுத்தவர்கள் சோபாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலி சோபாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். தொண்டர் பையன் பணிவாக, "ஐயா, இது வேறு ஒருவருக்கு" என்றான். "அவர் வந்ததும் எழுந்துகொள்கிறேன் தம்பி" என்றார் அவர். அந்த வேறு ஒருவர் கடைசி வரை வரவில்லை. பெரியவர் சுகமாகப் பார்த்தார். போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது ஒலி. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை, அதற்கு இரண்டு பக்கமும் பெரிய பெட்டிகள். பெட்டிகள் மைக்குக்குப் பின்னால் இருந்தால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் முதல் வாரம் கற்றுக்கொள்ளும் பாடம். பெட்டியிலிருந்து வரும் சத்தம் மைக்கில் ஏறும், மைக்கில் ஏறியது பெட்டியில் வரும், கடைசியில் ஊளை. முதல் அரை மணி நேரத்தில் ஒன்பது முறை ஊளையிட்டது. விரல் விட்டு எண்ணினேன். கடவுள் வாழ்த்துப் பாடிய சிறுமி ஒவ்வொரு ஊளைக்கும் ஓர் அடி பின்னால் போய், கடைசி வரியைத் திரைக்கு முதுகை ஒட்டிக்கொண்டு பாடி முடித்தாள். பாவம், சுருதி விலகவே இல்லை. அவளுக்கு ஒரு விருது கொடுத்திருக்கலாம்.

மொத்தம் 14 விருதுகள். நாயனம், தவில், தேவாரம், நாட்டுப்புறப் பாட்டு, நையாண்டி மேளம் என்று பழைய பிரிவுகளோடு, இணையத்தில் அதிகம் பகிரப்பட்ட காணொளிக்கும் ஒன்று. அஞ்சலட்டை போய்விட்டது, இப்போது கைப்பேசி ஓட்டு. என் தங்கை மகன் ஒருவனே மூன்று எண்ணிலிருந்து ஓட்டுப் போட்டதாகப் பெருமையாகச் சொன்னான். "யாருக்குப் போட்டாய்?" என்றேன். மூன்றும் வேறு வேறு ஆளுக்காம். இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

நல்லதையும் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு புதிதாக, வாத்தியம் செய்கிறவர்களுக்கும் விருது வைத்திருந்தார்கள். மொத்த விழாவிலும் எனக்கு நிறைவாக இருந்த பத்து நிமிடம் அதுதான். திருவாவடுதுறைப் பக்கத்திலிருந்து சீவாளி கட்டும் ஒருவர் வந்திருந்தார். நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகையெல்லாம் எழுதியது. ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்வதைப் பலர் படம் எடுத்துப் போட்டார்கள். அந்த நாயனத்தின் நுனியில் ஊதுகிற நாணல் தட்டைச் சீவாளி இல்லாவிட்டால் அது வெறும் மரக்குழாய் என்பதை யாரும் நினைப்பதில்லை. அவரைப் பேசச் சொன்னார்கள். பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சீவாளியை எடுத்தார், வாயில் வைத்து நனைத்தார், நாயனமே இல்லாமல் அதை மட்டும் ஊதினார். வாத்துக் கத்துவதுபோல ஒரு சத்தம். மண்டபம் சிரித்தது. இன்னொன்றை எடுத்து ஊதினார். அதே வாத்துதான், ஆனால் இந்த வாத்துக்குக் கொஞ்சம் ஞானம் இருந்தது. "முதலில் ஊதியது தூக்கிப்போட வேண்டியது. இதுதான் கொடுக்க வேண்டியது" என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டு இறங்கிப் போய்விட்டார். பக்கத்து இருக்கைக்காரர், "இரண்டும் ஒன்றாகத்தானே கேட்டது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு அடுத்து நாயன விருது. 70 வயதைத் தாண்டியவர், அகில இந்திய வானொலியின் தரவரிசையில் 'பி ஹை' கிரேடு கலைஞர். அவரை நான் கோவில் புறப்பாடுகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சால்வை, கேடயம், காசோலை, புகைப்படம் எல்லாம் முடிந்ததும் தொகுப்பாளினி, "ஐயா, எங்களுக்காக இரண்டு நிமிடம் வாசியுங்கள்" என்றார். இரண்டு நிமிடம்! சீவாளியை நனைத்துப் பதமாக்கி, நாயனத்தின் நுனியில் உள்ள கெண்டையில் பொருத்திச் சுருதி பார்க்கவே அந்த நேரம் ஆகும். அவர் அவசரப்படவில்லை. தொகுப்பாளினி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நகைச்சுவை ஒன்று சொன்னார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு நாயனக்காரர் ரீதிகௌளை ராகத்தைத் தொட்டார். முதல் பிடியிலேயே ராகம் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த நொடி ஊளை. ஏனென்றால் நாயனத்தின் விரிந்த அடிமுனையான அணசுக்கு ஒரு சாண் தூரத்தில் மைக்கை நீட்டி வைத்திருந்தான் மைக் செட் பையன். நாயனம் தெருவுக்காகப் பிறந்த வாத்தியம், நாலு வீதிக்கும் தானே கேட்கும். மண்டபத்துக்குள் அதற்கு மைக் வேண்டுமானால் மூன்று முழம் தள்ளி வைக்க வேண்டும். தவிலுக்கு இன்னும் மோசம். வலப் பக்கத் தோலான வலந்தலையில் விரல் கூடு படுகிற நாதமே வரவில்லை, இடப் பக்கத் தோலான தொப்பியில் குச்சி விழுகிற அடி மட்டும் வயிற்றில் வந்து இடித்தது. பொறுக்க முடியாமல் எழுந்து, பின்னால் மிக்ஸர் இருந்த மேசைக்குப் போனேன்.

"தம்பி, நாயன மைக்கைப் பின்னால் இழுக்கச் சொல். தவில் மைக்கை அடியோடு மூடிவிடு. பெட்டியை முன்னால் நகர்த்து" என்றேன்.

"ஐயா, அளவெல்லாம் கணினியில் பதிந்து வைத்திருக்கிறோம். கை வைக்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார்."

"முதலாளி எங்கே?"

"மாரியம்மன் கோவில் திருவிழாவில் இருக்கிறார்."

நான் நினைத்தது சரிதான். இதற்குள் மேடையில் விருது இசை ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. நேரம் முடிந்தால் கணினியே தானாகப் போடுமாம். நாயனக்காரர் ராகத்தை நிஷாதத்தில் நிறுத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலச் சீவாளியைக் கழற்றித் துடைத்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

அந்தப் பையனையும் குறை சொல்ல மாட்டேன். அரை மணி கழித்து அவனே என்னிடம் வந்து, "பெட்டியை எவ்வளவு முன்னால் வைக்கலாம் ஐயா?" என்று மெதுவாகக் கேட்டான். இருவரும் சேர்ந்து இரண்டு பெட்டிகளையும் தூண் வரைக்கும் நகர்த்தினோம். என் முழங்கால் இன்னும் அதற்குப் பழிவாங்கிக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு ஊளை இல்லை. ஓதுவார் பழம்பஞ்சுரத்தில் பாடிய பதிகம் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

சாப்பாட்டுக்கு வருவோம். டிக்கெட்டோடு சேர்ந்த டிபன், மாடியில் பந்தி. இட்லி, கடப்பா, ரவா தோசை, அசோகா, காபி. கடப்பா என்றால் வெளியூர்க்காரர்கள் கல் என்று நினைத்துக்கொள்வார்கள். இது உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்ந்த, சோம்பு மணக்கிற கும்பகோணத்துக் குழம்பு. ஆள் கூடக் கூடத் தண்ணீரும் கூடியிருக்கிறது. மூன்றாம் பந்தியில் உட்கார்ந்த எனக்கு இலையில் ஓடியது. முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். அசோகா மட்டும் எந்தப் பந்தியிலும் தப்பில்லை. திருவையாற்றுப் பக்குவம், பாசிப்பருப்பு குழைந்து, நெய் விரலில் ஒட்டியது. காபியைக் காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். கும்பகோணத்தில், விருது விழாவில், காகிதக் கோப்பையில் டிகிரி காபி. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் ரத்த அழுத்தம் ஏறும்.

சாப்பிட்டு இறங்கியபோது ஆதரவாளர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர். நகைக்கடை, உரக்கடை, பயிற்சி மையம், இன்னும் இரண்டு. ஒருவர் தமக்கும் சங்கீதத்துக்கும் உள்ள தொடர்பைத் தம் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்தார். 26 நிமிடம் ஆயிற்று ஐந்து பேருக்கும். நாயனத்துக்கு இரண்டு நிமிடம் என்பதை நினைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பணம் இல்லாமல் மண்டபமும் இல்லை, காசோலையும் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. 501 ரூபாயோடு சைக்கிளில் போன காலம் திரும்ப வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அந்தப் பெரியவருக்கு இந்த ஆண்டு கிடைத்த காசோலையில் ஒரு நல்ல நாயனம் வாங்கலாம். பேச்சை நீட்ட விட்டவர்கள் வாசிப்பையும் கொஞ்சம் நீட்ட விட்டிருக்கலாம், அதுதான் என் வழக்கு.

வீடு சேரும்போது 11.20. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்ததில் வாழையிலையில் மடித்த அசோகா சட்டைப் பையில் நசுங்கியிருந்தது. மனைவி தூங்கவில்லை. மாடியில் தெற்கு மூலையில்தான் எங்கள் வீட்டில் அந்த வானொலி தெளிவாக எடுக்கும். அங்கேயே பாயைப் போட்டுப் படுத்திருந்தாள்.

"எப்படி வாசித்தார் பார்த்தீர்களா!" என்றாள் எடுத்த எடுப்பிலேயே.

"எங்கே வாசிக்க விட்டார்கள்? தொட்டார், நிறுத்திவிட்டார்கள்."

"நிறுத்தினார்களா? முழு ரீதிகௌளையும் கேட்டேனே. கீர்த்தனை வரைக்கும் போனாரே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். எட்டேகாலிலிருந்து எட்டே முக்கால் வரைக்கும். பிறகுதான் விளங்கியது. மண்டபத்தில் ஆதரவாளர்கள் பேசத் தொடங்கியதும், வானொலிக்காரர்கள் நேரலையை அறுத்துவிட்டு, அந்தப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்காக ஒலிப்பதிவு அறையில் வாசித்த பழைய பதிவைப் போட்டிருக்கிறார்கள். பேச்சு முடிந்ததும் மறுபடியும் மண்டபத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊளையும் அவளுக்குக் கேட்கவில்லையாம். வானொலிக்கு வேறு மைக்கிலிருந்து தனியாக இழுத்திருக்கிறார்கள். காசு கொடுத்துப் போனவன் உரக்கடைக்காரரின் தாத்தாவைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பேட்டரி போட்டவள் ரீதிகௌளை கேட்டிருக்கிறாள்.

அந்த நேரத்தில் அந்த முடிவை எடுத்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. சைக்கிளில் திண்ணைக்குப் போனவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. யாராக இருந்தாலும் அவருக்கு என் 15-வது விருது.

போக விரும்புகிறவர்களுக்கு: 500 ரூபாய் வேண்டாம், 300 போதும். 6 மணிக்கு முன் போக அவசியமில்லை. இடப் பக்கத் தூணை ஒட்டி, எட்டாவது ஒன்பதாவது வரிசையில் உட்காருங்கள், ஒலி அங்கேதான் உருப்படியாக இருக்கிறது. சோபா காலியாக இருந்தால் தயங்க வேண்டாம். முதல் பந்திக்கே ஓடிவிடுங்கள். காபியை வெளியே வந்து டபரா டம்ளரில் குடியுங்கள். வானொலி எடுக்கும் எல்லைக்குள் வீடு இருந்தால் வீட்டிலேயே கேட்கலாம். இல்லாவிட்டால், சின்ன ரேடியோ ஒன்றை இயர்போனோடு மண்டபத்துக்கே எடுத்துப்போகலாம் என்று தங்கை மகன் யோசனை சொல்கிறான். முதல் முறையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறான்.

அடுத்த ஆண்டு நான் வீட்டில் இருக்கிறேன், நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நசுங்கிய அசோகாவைப் பிரித்துப் பார்த்து, அடுத்த முறை தூக்கு ஒன்று எடுத்துப் போங்கள் என்றாள்.